கரவாஜியோ

மைக்கலாஞ்சலோ மெரிசி ட கரவாஜியோ (செப்டம்பர் 29, 1571 – ஜூலை 18, 1610) புகழ் பெற்ற இத்தாலிய ஓவியர் ஆவார். மேற்கத்திய ஓவியக்கலையில் பரோக் காலத்தைத் தொடக்கி வைத்தவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார். குடும்பத்தின் சொந்த ஊரான கரவாஜியோவின் பெயரே இவரது பெயராக நிலைத்துவிட்டது. சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையை வரைந்த மைக்கலாஞ்சலோ இவருக்கு முற்பட்ட வேறொருவர்.

ஆழ்ந்த இருளின் நடுவே ஒரு பக்கத்திலிருந்து பாயும் வலிய ஒளியில் உருவங்களைக் காட்டுவது இவரது ஓவியங்களின் சிறப்பியல்பாகும். புனிதர்களையும் திருத்தூதர்களையும் தெருவில் காணும் எளியோரின் முகத்துடனும் அழுக்குப் படிந்த கால்களுடனும் வரைந்தமையால், இவர் தம் காலத்திலேயே பெரும் புகழையும் கடும் எதிர்ப்பையும் ஒருசேரப் பெற்றார். 38 ஆண்டுகளே வாழ்ந்த இவர், ஒரு கொலைக்குப் பின்னர் இறுதி நான்கு ஆண்டுகளை ஊர் ஊராகத் தப்பியோடிக் கழித்தார்.

இவரது முறை வடக்கே நெதர்லாந்து வரை பரவியது. இவர் இறந்தபோது நான்கு வயதுக் குழந்தையாயிருந்த ரெம்பிரான்ட், பின்னாளில் அதே இருளையும் ஒளியையும் கொண்டு வேறு வகையான சமய ஓவியங்களைப் படைத்தார். இருவரும் ஒரே விவிலியக் காட்சிகள் சிலவற்றை வரைந்துள்ளனர். அவற்றை அருகருகே வைத்து நோக்கினால், இருவரின் இயல்பும் அவர்கள் வாழ்ந்த சமூகங்களின் இயல்பும் தெளிவாகின்றன.

இளமை

கரவாஜியோ மிலான் நகரில் பிறந்தார். தந்தை ஃபெர்மோ மெரிசி, கரவாஜியோ ஊரின் பிரபுவான பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சாவிடம் பணியாற்றியவர். தாயின் பெயர் லூசியா. 1576ஆம் ஆண்டு மிலானில் கொள்ளைநோய் பரவியபோது குடும்பத்தினர் நகரை விட்டு வெளியேறிக் கரவாஜியோவுக்குச் சென்றனர். எனினும் நோய் அவர்களைப் பின்தொடர்ந்தது. 1577இல் தந்தையும் பாட்டனாரும் இறந்தனர். அப்போது சிறுவனுக்கு வயது ஆறு.

1584இல் மிலானில் சிமோனே பெத்தெர்சானோ என்னும் ஓவியரிடம் நான்கு ஆண்டுகளுக்குப் பயிற்சி மாணவராகச் சேர்க்கப்பட்டார். பெத்தெர்சானோ, வெனிசின் புகழ் பெற்ற ஓவியரான டிசியானின் மாணவர் எனத் தம்மைக் கூறிக்கொண்டவர். மிலானை உள்ளடக்கிய லொம்பார்டிப் பகுதியில் எளிய மனிதர்களையும் அன்றாடப் பொருட்களையும் உள்ளது உள்ளபடி வரையும் மரபு வேரூன்றியிருந்தது. பிற்காலத்தில் உரோம் நகரத்தை வியப்பில் ஆழ்த்திய கரவாஜியோவின் முறைக்கு இம்மரபே அடித்தளம் எனலாம்.

உரோம் நகரில்

1590களில் கரவாஜியோ உரோம் நகருக்கு வந்தார். கையில் பணமோ பரிந்துரையோ இல்லாத நிலையில், அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த ஜூசெப்பே செசாரியின் பட்டறையில் பூக்களையும் பழங்களையும் வரையும் வேலையில் அமர்ந்தார். பழக்கூடை ஏந்திய சிறுவன் என்னும் தொடக்ககால ஓவியத்தில், கூடையிலுள்ள இலைகளின் வாட்டமும் புள்ளிகளும் கூட மறைக்கப்படாமல் காட்டப்பட்டுள்ளன.

சீட்டாட்ட ஏமாற்றுக்காரர்களைச் சித்தரிக்கும் இவரது ஓவியமொன்றைக் கர்தினால் பிரான்செஸ்கோ மரியா தெல் மோந்தே வாங்கினார். இசையிலும் அறிவியலிலும் ஈடுபாடு கொண்டிருந்த இக்கர்தினால், கரவாஜியோவைத் தமது மாளிகையிலேயே தங்கச் செய்தார். அம்மாளிகை இன்று இத்தாலிய நாடாளுமன்றத்தின் மேலவையாக உள்ளது. கரவாஜியோவின் முதல் பெரும் வாய்ப்பும் இவர் மூலமாகவே கிடைத்தது.

மத்தேயு ஓவியங்கள்

உரோமிலுள்ள பிரெஞ்சுக்காரர்களின் ஆலயமான சான் லுயிஜி தெய் பிரான்சேசியில் கொன்தரெல்லி சிற்றாலயம் அமைந்துள்ளது. 1585இல் இறந்த பிரெஞ்சுக் கர்தினால் ஒருவர், தம் பெயர்ப் புனிதரான மத்தேயுவின் வாழ்க்கைக் காட்சிகளால் இச்சிற்றாலயத்தை அழகுபடுத்தப் பொருள் ஒதுக்கியிருந்தார். பல ஆண்டுகளாக முடிவுறாமல் கிடந்த இப்பணி 1599இல் கரவாஜியோவிடம் ஒப்படைக்கப்பட்டது. மத்தேயுவின் அழைப்பு, மத்தேயுவின் மறைசாட்சி மரணம் ஆகிய இரு பெரும் ஓவியங்களை 1600இல் அவர் நிறைவு செய்தார்.

மத்தேயுவின் அழைப்பில், வரி வசூலிக்கும் மத்தேயுவும் கூட்டாளிகளும் ஒரு மங்கலான அறையில் மேசையைச் சுற்றி அமர்ந்து காசு எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் அணிந்திருப்பது கரவாஜியோவின் காலத்து உடை. வலப்புறமிருந்து இயேசு நுழைந்து கையை நீட்டுகிறார். அவர் தலைக்கு மேலிருந்து வரும் ஒளிக்கற்றை சுவரைக் கடந்து மேசையிலிருப்போரின் முகங்களில் விழுகின்றது. அற்புதம் ஏதும் நடைபெறுவதாகக் காட்டப்படவில்லை. ஒளி விழுவதே அழைப்பாக அமைந்துவிடுகின்றது. இவ்விரு ஓவியங்களும் கரவாஜியோவை ஒரே ஆண்டில் உரோமின் மிகவும் பேசப்பட்ட ஓவியராக்கின.

ஓவிய முறை

அக்கால ஓவியர்கள் முதலில் பல கோட்டோவியங்களை வரைந்து, உருவங்களைத் திருத்தி, அதன் பின்னரே வண்ணம் தீட்டினர். கரவாஜியோவின் கோட்டோவியம் என உறுதியாகக் கூறத்தக்கது ஒன்றேனும் இன்று இல்லை. அவர் மாதிரி மனிதர்களை முன்னால் நிறுத்தி நேரடியாகத் துணியிலேயே வரைந்தார். அடிப்பூச்சு ஈரமாக இருக்கும்போதே கூரிய முனையால் கீறி, தலை, கை முதலியவற்றின் இடத்தைக் குறித்துக்கொண்டார். இக்கீறல்களைப் பல ஓவியங்களில் இன்றும் காணலாம்.

அடிப்பூச்சு பெரும்பாலும் கரும்பழுப்பு நிறமுடையது. அதனை நிழலாகவே விட்டுவிட்டு, ஒளி படும் பகுதிகளை மட்டும் அவர் வெளியே கொணர்ந்தார். ஒளி–நிழல் மாறுபாட்டைப் பயன்படுத்துவது லியொனார்டோ ட வின்சியின் காலம் முதலே இருந்து வந்தது. லியொனார்டோவின் ஓவியங்களில் ஒளி மெல்ல மெல்ல நிழலாக மாறும். கரவாஜியோவிடமோ இடைநிலை மிகக் குறைவு. இருளிலிருந்து ஒரு தோளும் ஒரு கையும் திடீரெனப் புறப்பட்டு வருவதுபோல் தோன்றும்.

ஏற்கப்பட்டவையும் மறுக்கப்பட்டவையும்

1563இல் முடிவுற்ற திரெந்துப் பொதுச்சங்கம், சமய ஓவியங்கள் எளிய மக்களுக்கும் விளங்குமாறும் பக்தியைத் தூண்டுமாறும் இருக்க வேண்டும் என வலியுறுத்தியது. அதேவேளை, புனிதர்களின் கண்ணியத்துக்குக் குறைவு ஏற்படலாகாது என்றும் எச்சரித்தது. கரவாஜியோவின் ஓவியங்கள் முதல் கட்டளையை முழுமையாக நிறைவேற்றின. இரண்டாவதை மீறின என்பதே அவற்றின் மீது எழுந்த குற்றச்சாட்டு.

1602இல் கொன்தரெல்லி சிற்றாலயத்தின் பீடத்துக்காக வரைந்த மத்தேயுவும் வானதூதரும் என்னும் ஓவியத்தின் முதல் வடிவம் ஏற்கப்படவில்லை. அதில் மத்தேயு வழுக்கைத் தலையும் பருத்த கால்களும் கொண்ட உழவர் போல் அமர்ந்திருந்தார். எழுதத் தெரியாதவருக்கு உதவுவதுபோல் வானதூதர் அவரது கையைப் பிடித்து நகர்த்தினார். புனிதரின் வெறுங்கால் பீடத்தின் முன் நிற்கும் குருவின் முகத்துக்கு நேரே நீண்டிருந்தது. கரவாஜியோ இரண்டாவது ஓவியமொன்றை வரைந்து தர வேண்டியதாயிற்று. அதுவே இன்றும் அங்குள்ளது. மறுக்கப்பட்ட ஓவியத்தை வின்சென்சோ ஜுஸ்தினியானி என்னும் செல்வந்தர் வாங்கிக்கொண்டார். பின்னர் பெர்லினுக்குச் சென்ற அவ்வோவியம், 1945இல் இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஏற்பட்ட தீயில் அழிந்தது. கறுப்பு வெள்ளை ஒளிப்படங்கள் வாயிலாகவே இன்று அதனை அறிய முடிகின்றது.

உரோமின் திராஸ்தேவெரே பகுதியிலுள்ள கார்மேல் சபையினரின் ஆலயத்துக்காக வரையப்பட்ட அன்னை மரியாவின் இறப்பு என்னும் ஓவியத்துக்கும் இதே நிலை ஏற்பட்டது. வானதூதர்களோ திறந்த வானமோ அதில் இல்லை. சிவப்பு ஆடை அணிந்த ஒரு பெண்ணின் வீங்கிய உடல் குறுகிய கட்டிலில் கிடத்தப்பட்டுள்ளது. பாதங்கள் மூடப்படவில்லை. திருத்தூதர்கள் முகத்தை மூடிக்கொண்டு அழுகின்றனர். உண்மையான ஒரு மரணத்தை வரைந்தார் என்பதே மறுப்புக்குக் காரணமாயிற்று. 1607இல் பிளெமிய ஓவியர் ரூபென்சின் பரிந்துரையின் பேரில் மந்துவா நகர ஆட்சியாளர் அதனை வாங்கினார். பின்னர் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லசிடமும், பிரான்சின் பதினான்காம் லூயியிடமும் இருந்த இவ்வோவியம் இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆலயங்கள் மறுத்த ஓவியங்களைத் தனிப்பட்ட சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்கினர். மறுப்பினால் அவரது வருவாயோ புகழோ குறையவில்லை. ஆனால் தாம் யாருக்காக வரைந்தாரோ அந்த எளிய வழிபாட்டாளர்களின் கண்ணில் படாமல், அவ்வோவியங்கள் மாளிகைச் சுவர்களுக்குச் சென்றுவிட்டன.

கொலையும் தலைமறைவும்

இக்காலத்தில் கரவாஜியோவின் பெயர் உரோம் நகரக் காவல் பதிவேடுகளில் அடிக்கடி இடம்பெற்றது. அனுமதியின்றி வாள் வைத்திருந்தமை, பிறரைத் தாக்கியமை, இழிவான பாடல்களைப் பரப்பியமை எனப் பல புகார்கள் எழுந்தன. பாடல்கள் பற்றிய வழக்கை 1603இல் தொடுத்தவர் ஜொவான்னி பாலியோனே என்னும் சக ஓவியர். பிற்காலத்தில் கரவாஜியோவின் முதல் வாழ்க்கை வரலாறுகளுள் ஒன்றை எழுதியவரும் இவரே.

1606 மே 28 அன்று நடந்த ஒரு சண்டையில் ரனுச்சியோ தொமசோனி என்பவரைக் கரவாஜியோ கொன்றார். அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. திருத்தந்தையின் ஆட்சிப் பகுதிக்குள் அவரை யார் கண்டாலும் கொல்லலாம் என்பது இத்தண்டனையின் பொருள். காயமடைந்திருந்த அவர், கொலோன்னா குடும்பத்தாரின் உதவியுடன் உரோமுக்குத் தெற்கிலுள்ள அவர்களது நிலங்களில் ஒளிந்திருந்துவிட்டு நேப்பிள்சுக்குச் சென்றார். நேப்பிள்ஸ் அப்போது எசுப்பானியரின் ஆட்சியில் இருந்தது.

கொலை நடந்து ஓராண்டுக்குள், நேப்பிள்சிலுள்ள அறநிலையம் ஒன்றுக்காக ஏழு இரக்கச் செயல்கள் என்னும் ஓவியத்தை அவர் வரைந்தார். பசித்தோருக்கு உணவளித்தல், ஆடையற்றோரை உடுத்துதல், இறந்தோரை அடக்கம் செய்தல் முதலிய ஏழு செயல்களும் ஓர் இரவில், ஒரே தெருவில் நடைபெறுவதாக இதில் காட்டப்பட்டுள்ளன. இவ்வோவியம் வரையப்பட்ட இடத்திலேயே இன்றும் உள்ளது.

மால்ட்டாவும் சிசிலியும்

1607இல் கரவாஜியோ மால்ட்டாத் தீவுக்குச் சென்றார். அங்கு ஆட்சி செய்த புனித யோவான் சபை வீரர்களின் தலைவர் அலோஃப் தெ விஞ்ஞக்கூரின் ஆதரவைப் பெற்று, 1608 ஜூலையில் அச்சபையின் வீரராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். வல்லெற்றா நகர ஆலயத்துக்காக அவர் வரைந்த திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படுதல், அவரது ஓவியங்களுள் மிகப் பெரியதாகும். ஐந்து மீட்டருக்கும் அதிகமான அகலம் கொண்டது. யோவானின் கழுத்திலிருந்து வழியும் குருதியில் அவர் தமது பெயரை எழுதியுள்ளார். அவர் கையொப்பமிட்ட ஒரே ஓவியம் இதுவே.

சில வாரங்களிலேயே மற்றொரு சண்டையில் சிக்கிச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து தப்பிச் சிசிலிக்குச் சென்றார். 1608 டிசம்பரில் சபை அவரை நீக்கியது. சிசிலியில் சைரக்கூஸ், மெசினா ஆகிய நகரங்களில் அவர் வரைந்த ஓவியங்களில், உருவங்கள் கீழ்ப்பகுதியில் சிறுத்து நிற்க, மேற்பகுதி முழுவதும் வெறுமையான இருண்ட சுவராகவே உள்ளது. முன்னர் உருவங்களை வெளிப்படுத்த உதவிய இருள், இப்போது அவற்றை விழுங்கத் தொடங்கியதுபோல் தோன்றுகின்றது.

இறுதி நாட்கள்

1609இல் நேப்பிள்சுக்குத் திரும்பிய கரவாஜியோ, ஒரு விடுதியின் வாயிலில் தாக்கப்பட்டார். முகத்தில் பலத்த காயமேற்பட்டது. தாவீதும் கோலியாத்தின் தலையும் என்னும் ஓவியம் பொதுவாக இக்காலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படுகின்றது. இளைஞன் தாவீது கையில் தூக்கிப் பிடித்திருக்கும் வெட்டுண்ட தலை கரவாஜியோவின் சொந்த முகமாகும். தாவீதின் முகத்தில் வெற்றிக் களிப்பு இல்லை. இரக்கமே தெரிகின்றது.

மன்னிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் 1610 ஜூலையில் உரோமை நோக்கிக் கடல்வழியாகப் புறப்பட்டார். வழியில் போர்த்தோ எர்க்கோலே என்னும் துறைமுக ஊரில் ஜூலை 18 அன்று இறந்தார்.

வடக்கே பரவிய முறை

கரவாஜியோ பட்டறை ஏதும் நடத்தவில்லை. மாணவர்களைப் பயிற்றவும் இல்லை. இருப்பினும் அவரது முறையைப் பின்பற்றியோர் ஐரோப்பா முழுவதும் தோன்றினர். உரோமில் கரவாஜியோ புகழ் பெற்று வருவதை, நெதர்லாந்தைச் சேர்ந்த காரெல் வான் மான்டர் 1604இல் வெளியிட்ட தமது நூலிலேயே குறிப்பிட்டுள்ளார். உட்ரெக்ட் நகரைச் சேர்ந்த ஹென்ட்ரிக் தெர் புரூகன், கெரிட் வான் ஹொன்ட்ஹோர்ஸ்ட், டிர்க் வான் பாபுரன் ஆகிய ஓவியர்கள் இத்தாலியில் தங்கி அவரது ஓவியங்களைப் பயின்று, 1614 முதல் 1620 வரையிலான காலத்தில் ஒருவர் பின் ஒருவராக நாடு திரும்பினர். இவர்கள் உட்ரெக்ட் கரவாஜியோவினர் என அழைக்கப்படுகின்றனர். மெழுகுவர்த்தி ஒளியில் நிகழும் காட்சிகளை வரைவதில் சிறந்து விளங்கிய ஹொன்ட்ஹோர்ஸ்ட், இத்தாலியில் இரவுகளின் கெரார்டோ என்ற பட்டப்பெயரைப் பெற்றிருந்தார்.

லைடன் நகரில் ஒரு மாவு ஆலைக்காரரின் மகனாக 1606 ஜூலை 15 அன்று பிறந்த ரெம்பிரான்ட், இத்தாலிக்குச் சென்றதேயில்லை. அவரது ஆசிரியர் பீட்டர் லாஸ்ட்மான் இத்தாலியில் தங்கியிருந்தவர். உட்ரெக்ட் ஓவியர்களின் படைப்புகளும் அருகிலேயே இருந்தன. ஆகவே கரவாஜியோவின் முறை ரெம்பிரான்டை வந்தடைந்தது பிறர் கைகளின் வழியாகவே எனலாம். இதனால் அது அப்படியே பின்பற்றப்படாமல் வேறொன்றாக மாறியது.

ரெம்பிரான்டுடன் ஒப்பீடு

ஈசாக்கின் பலி

கடவுளின் கட்டளைப்படி ஆபிரகாம் தம் மகன் ஈசாக்கைப் பலியிட முனைவதும், இறுதி நொடியில் வானதூதர் தடுப்பதும் இக்காட்சியின் பொருளாகும். கரவாஜியோ ஏறத்தாழ 1603இல் வரைந்த ஓவியம் புளோரன்சின் உஃபீசி அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் ஆபிரகாம் மகனின் கழுத்தைப் பிடித்துக் கல்லின் மீது அழுத்துகிறார். வானதூதர் அவரது மணிக்கட்டைப் பற்றி நிறுத்துகிறார். ஈசாக்கின் முகம் பார்வையாளரை நோக்கியுள்ளது. வாய் திறந்து அலறுகின்றது. தந்தையிடம் சாகப்போகும் சிறுவனின் அச்சத்தைப் பார்வையாளர் தவிர்க்க முடியாது.

ரெம்பிரான்ட் 1635இல் வரைந்த ஓவியம் சென் பீட்டர்ஸ்பர்க்கின் எர்மித்தாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது. இங்கும் வானதூதர் ஆபிரகாமின் மணிக்கட்டைப் பற்றுகிறார். கத்தி கையிலிருந்து நழுவி அந்தரத்தில் நிற்கின்றது. ஆனால் ஈசாக்கின் முகம் காணப்படவில்லை. ஆபிரகாமின் பெரிய கை அதனை முழுவதும் மூடியுள்ளது. மகன் கத்தியைக் காணக்கூடாது என்பதற்காகவா, மகனின் கண்களைத் தாம் காணக்கூடாது என்பதற்காகவா என்பது பார்வையாளரின் சிந்தனைக்கு விடப்பட்டுள்ளது. கரவாஜியோவின் ஓவியத்தில் மகனின் துன்பம் மையமாக, ரெம்பிரான்டின் ஓவியத்தில் தந்தையின் துன்பம் மையமாகின்றது.

இருபது ஆண்டுகளுக்குப் பின், 1655இல், ரெம்பிரான்ட் இதே காட்சியைச் செப்புத் தகட்டில் பொறித்து அச்சிட்டார். அதில் வானதூதர் மணிக்கட்டைப் பற்றவில்லை. பின்னாலிருந்து ஆபிரகாமை இரு கைகளாலும் அணைத்துக்கொள்கிறார். தடுத்தல் ஆறுதலாக மாறிவிட்டது.

எம்மாவு விருந்து

உயிர்த்தெழுந்த இயேசுவை அடையாளம் காணாமல் உடன் நடந்து வந்த இரு சீடர்கள், எம்மாவு ஊரில் உணவின்போது அவர் அப்பத்தை ஆசீர்வதித்ததும் அவரை அறிந்துகொள்கின்றனர். கரவாஜியோ இதனை இருமுறை வரைந்துள்ளார். இலண்டன் தேசிய ஓவியக்கூடத்திலுள்ள 1601ஆம் ஆண்டு ஓவியத்தில் ஒரு சீடர் நாற்காலியைத் தள்ளி எழ முற்படுகிறார். மற்றவர் இரு கைகளையும் விரிக்கிறார். அவரது ஒரு கை ஓவியத்தைக் கடந்து நம்மை நோக்கி வருவதுபோல் உள்ளது. மேசை விளிம்பில் பழக்கூடை விழும் நிலையில் நிற்கின்றது.

1606இல், கொலைக்குப் பின் ஒளிந்திருந்த காலத்தில் வரைந்ததாகக் கருதப்படும் இரண்டாவது ஓவியம் மிலானின் பிரேரா ஓவியக்கூடத்தில் உள்ளது. பழக்கூடை இல்லை. மேசையில் அப்பமும் சில எளிய பொருட்களுமே உள்ளன. கைகள் சிறிதளவே அசைகின்றன. விடுதிக்காரரின் அருகே சுருக்கம் விழுந்த முகத்துடன் ஒரு முதிய பெண் நிற்கிறார்.

ரெம்பிரான்டும் இக்காட்சியைப் பலமுறை கையாண்டார். ஏறத்தாழ 1629இல், தமது 23ஆம் வயதளவில் வரைந்த சிறிய ஓவியம் பாரிசின் ஜாக்மார்–ஆந்திரே அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் விளக்கு இயேசுவுக்குப் பின்னால் மறைந்துள்ளது. ஆகவே இயேசு கரிய நிழலுருவாக மட்டுமே தெரிகிறார். ஒளி படுவது அவரைக் கண்டு திடுக்கிடும் சீடரின் முகத்திலேயாகும். லூவர் அருங்காட்சியகத்திலுள்ள 1648ஆம் ஆண்டு ஓவியத்திலோ திடுக்கிடுதல் ஏதுமில்லை. இயேசு நடுவில் அமைதியாக அமர்ந்துள்ளார். அவரிடமிருந்தே எழுவதுபோல் மெல்லிய ஒளி பரவுகின்றது. உணவு கொணரும் பணியாள் எதையும் அறியவில்லை.

இரு ஓவியர்களும் முதலில் வியப்பின் உரத்த நொடியையும், பின்னர் அறிதலின் அமைதியையும் வரைந்துள்ளமை குறிப்பிடத்தக்கது. ஒருவர் மற்றவரின் இரண்டாவது ஓவியத்தைப் பார்த்து இவ்வாறு செய்யவில்லை. ஒரே கதையை மீண்டும் நினைத்துப் பார்க்கையில் இருவரும் தனித்தனியே அதே திசையில் சென்றனர்.

மத்தேயுவும் வானதூதரும்

கரவாஜியோவின் ஏற்கப்பட்ட ஓவியத்தில் வானதூதர் மேலிருந்து இறங்கி, விரல்களை மடக்கி எண்ணியவாறு மத்தேயுவுக்கு விளக்குகிறார். மத்தேயு ஒரு முழங்காலை இருக்கையில் ஊன்றி அவசரமாக எழுதத் தொடங்குகிறார். இருக்கையின் ஒரு கால் மேடையின் விளிம்பைத் தாண்டித் தள்ளாடுகின்றது. ஓவியத்தின் உயரம் ஏறத்தாழ மூன்று மீட்டராகும்.

ரெம்பிரான்டின் 1661ஆம் ஆண்டு ஓவியம் ஒரு மீட்டருக்கும் குறைந்த உயரமுடையது. முதியவரான மத்தேயு, நரம்பு புடைத்த கையைத் தாடியில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார். பின்னால் நிற்கும் இளைஞர் அவரது தோளில் கைவைத்துக் காதருகே மெல்லப் பேசுகிறார். மத்தேயு அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்குரல் அவருக்குள்ளிருந்தே எழுவதாகவும் கொள்ளலாம். இந்த வானதூதருக்கு ரெம்பிரான்டின் மகன் டைட்டஸ் மாதிரியாக இருந்தார் எனப் பலர் கருதுகின்றனர். ரெம்பிரான்ட் இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1656இல், நொடித்துப் போய்த் தமது உடைமைகளை இழந்திருந்தார்.

வேறுபாட்டின் காரணங்கள்

இவ்வேறுபாடுகளுக்குத் தனிப்பட்ட இயல்பு மட்டுமே காரணமன்று. ஓவியம் எங்கே தொங்கவிருந்தது என்பதும் முதன்மையான காரணமாகும். கத்தோலிக்க உரோமில் ஓவியம் வழிபாட்டின் ஒரு பகுதி. மங்கலான சிற்றாலயத்தில், தொலைவில் நின்று பார்க்கும் கூட்டத்தினரை அது ஒரே பார்வையில் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. கரவாஜியோவின் சில ஓவியங்கள் தனியார் மாளிகைகளுக்காக வரையப்பட்டவை எனினும், பீடத்துக்குரிய அந்த வேகம் அவற்றிலும் காணப்படுகின்றது.

டச்சுக் குடியரசில் நிலைமை வேறு. 1566இல் நெதர்லாந்தின் பல ஆலயங்களில் உருவங்களும் ஓவியங்களும் உடைத்தெறியப்பட்டன. பின்னர் ஆட்சியின் ஆதரவைப் பெற்ற கால்வினியத் திருச்சபை, ஆலயச் சுவர்களில் ஓவியங்களை அனுமதிக்கவில்லை. இதனால் விவிலிய ஓவியம் மறைந்துவிடவில்லை, வீட்டுக்கு இடம்பெயர்ந்தது. வீட்டில் தொங்கும் ஓவியத்தை ஒருவர் அருகில் நின்று, மீண்டும் மீண்டும், ஆண்டுக்கணக்கில் பார்க்கலாம். நூலைப் படிப்பது போன்ற பார்வை அது. ரெம்பிரான்டின் தயங்கிப் பரவும் ஒளி இத்தகைய பார்வைக்கு உரியது. கரவாஜியோவிடம் ஒளி வெளியிலிருந்து வந்து மனிதரைத் தாக்குகின்றது. ரெம்பிரான்டின் முதிர்ந்த ஓவியங்களில் அது மனிதருக்குள்ளிருந்து வெளிவருவதுபோல் உள்ளது.

இருவரையும் இணைப்பதும் ஒன்றுண்டு. இருவரும் புனிதர்களை அழகுபடுத்த மறுத்தனர். அதற்காக இருவரும் பின்வந்தோரின் கண்டனத்துக்கு ஆளாயினர். இயற்கையைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தாமல் அப்படியே வரைந்தார் என 1672இல் பெல்லோரி கரவாஜியோவைக் குறை கூறினார். ரெம்பிரான்ட் இறந்து 12 ஆண்டுகளுக்குப் பின், 1681இல், ஆன்றீஸ் பெல்ஸ் என்னும் டச்சுக் கவிஞர் அவர் மீது ஏறத்தாழ இதே குற்றத்தைச் சுமத்தினார்.

மறதியும் மீட்பும்

பெல்லோரியின் கருத்து நெடுங்காலம் நிலைத்தது. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் கரவாஜியோ பெரிதும் மறக்கப்பட்டார். அவரது ஓவியங்கள் பிறர் பெயரிலும், பிறர் ஓவியங்கள் அவர் பெயரிலும் வழங்கின. இத்தாலியக் கலை வரலாற்றாளர் ரொபெர்தோ லொங்கியின் ஆய்வுகளும், 1951இல் மிலானில் அவர் ஏற்பாடு செய்த கண்காட்சியும் இந்நிலையை மாற்றின. ரெம்பிரான்ட் பிறந்து 400 ஆண்டுகள் நிறைவுற்ற 2006ஆம் ஆண்டில், ஆம்ஸ்டர்டாமில் இவ்விருவரின் ஓவியங்களையும் அருகருகே வைத்து ஒரு கண்காட்சி நடத்தப்பட்டது.

இழப்புகளும் உண்டு. 1945ஆம் ஆண்டின் தீயைத் தவிர, 1969 அக்டோபரில் பலெர்மோ நகரச் சிற்றாலயம் ஒன்றிலிருந்து இயேசு பிறப்பு ஓவியம் திருடப்பட்டது. அது இதுவரை மீட்கப்படவில்லை.

மாறாக, தொலைந்ததாகக் கருதப்பட்ட இயேசு கைது செய்யப்படுதல் என்னும் 1602ஆம் ஆண்டு ஓவியம், 1990இல் அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் இயேசு சபையினரின் உணவறைச் சுவரில் அடையாளம் காணப்பட்டது. அதுவரை அவ்வோவியம் ஹொன்ட்ஹோர்ஸ்டின் பெயராலேயே அறியப்பட்டு வந்தது. ஆசிரியரின் ஓவியம் வடக்கே அவரைப் பின்பற்றியவரின் பெயரில் நெடுங்காலம் மறைந்திருந்தது எனலாம்.

முக்கிய ஓவியங்களும் அவை உள்ள இடங்களும்

மத்தேயுவின் அழைப்பு (1599–1600) – சான் லுயிஜி தெய் பிரான்சேசி ஆலயம், உரோம்
எம்மாவு விருந்து (1601) – தேசிய ஓவியக்கூடம், இலண்டன்
மத்தேயுவும் வானதூதரும், இரண்டாம் வடிவம் (1602) – சான் லுயிஜி தெய் பிரான்சேசி ஆலயம், உரோம்
இயேசு கைது செய்யப்படுதல் (1602) – அயர்லாந்து தேசிய ஓவியக்கூடம், டப்ளின்
ஈசாக்கின் பலி (ஏறத்தாழ 1603) – உஃபீசி அருங்காட்சியகம், புளோரன்ஸ்
அன்னை மரியாவின் இறப்பு (1606க்கு முன்) – லூவர் அருங்காட்சியகம், பாரிஸ்
எம்மாவு விருந்து (1606) – பிரேரா ஓவியக்கூடம், மிலான்
ஏழு இரக்கச் செயல்கள் (1606–1607) – பியோ மோந்தே தெல்லா மிசெரிகோர்தியா, நேப்பிள்ஸ்
திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படுதல் (1608) – புனித யோவான் இணைப் பேராலயம், வல்லெற்றா
தாவீதும் கோலியாத்தின் தலையும் (ஏறத்தாழ 1610) – பொர்கேசே ஓவியக்கூடம், உரோம்